அப்பா பாத்த 1 நிமிஷ வீடியோ, பொட்டாசியம் 6.7: போன்ல வர்ற ஹெல்த் வீடியோவ எதை வச்சு நம்புறது?

காவிரிக்கரை மணி | செவ்வாய் இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க. அப்பாவுக்கு 66 வயசு, சுகர் வந்து 18 வருஷம் ஆச்சு, பிபியும் இருக்கு. போன வருஷம் டெஸ்ட்ல கிரியாட்டினின் 2.1னு வந்துச்சு. டாக்டர் கிட்னி கொஞ்சம் வீக்கா இருக்கு, உப்ப கொறைங்க, 3 மாசத்துக்கு ஒருவாட்டி வாங்கன்னு சொல்லிட்டு டெல்மிசார்ட்டன்ங்கற பிபி மாத்திரைய நிறுத்தாம போடச் சொன்னாரு. அவ்ளோதான் பேச்சு. அதுலேர்ந்து மனுசன் ராத்திரி எல்லாம் போன்ல கிட்னி கிட்னின்னு தேடிருக்காரு, எங்களுக்கு தெரியாது. ஒரு நாள் பாத்தா வெறும் வயித்துல வாழைத்தண்டு ஜூஸ், 11 மணிக்கு ஒரு இளநீர், சாயந்தரம் இன்னொரு இளநீர். என்னப்பா இதுன்னு கேட்டா "டாக்டரே சொல்றாருடா, கிட்னிய கழுவி விட்டுருமாம்"னு போன நீட்டுறாரு. ஒரு நிமிஷ வீடியோ. வெள்ளை கோட்டு போட்டவர். பேரு போட்டு தேடிப் பாத்தேன், டுபாக்கூர் இல்ல, எம்.டி. படிச்ச நெசமான டாக்டர்தான். இளநீர் குடிச்சா என்ன ஆயிடப் போவுதுன்னு நானும் விட்டுட்டேன். விட்டதோட இல்ல, மார்க்கெட் போறப்ப தண்டு வாங்கிட்டு வந்து குடுத்ததே நான்தான். அத நெனச்சாதான் இப்ப தூக்கம் வரல.

சரியா 19வது நாள், திண்ணையிலேர்ந்து எந்திரிக்க முடியல, கால் ரெண்டும் ஈரத்துணி மாதிரி தொவண்டு போச்சுன்னாரு. சுகர் எறங்கிடுச்சோன்னு குத்திப் பாத்தா 168. ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனோம், இசிஜி எடுத்த சிஸ்டர் பேப்பர் பாதி வெளிய வரும்போதே டாக்டர கூப்பிட ஓடுனாங்க. பொட்டாசியம் 6.7. ரெண்டு நாள் ஐசியு.

இப்ப வீட்டுக்கு வந்துட்டாரு, நல்லாருக்காரு. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. போலி ஆளு சொல்லி ஏமாந்தா நம்ம புத்தின்னு விட்டுறலாம். இங்க ஆளும் நெசம், இளநீரும் விஷம் இல்ல. அப்ப எதை வச்சுதான் ஒரு வீடியோவ நம்புறது?

டயாலிசிஸ் சிஸ்டர் | செவ்வாய் இரவு 11:25

தம்பி, இப்பதான் டியூட்டி முடிஞ்சு வந்தேன், அப்பா வீட்டுக்கு வந்துட்டாருன்னு படிச்சதும்தான் மூச்சு வந்துச்சு. 6.7 சாதாரணம் இல்ல. 3.5லேர்ந்து 5 வரைக்கும்தான் நார்மல். நல்ல கிட்னி உள்ளவன் நாலு இளநீர் குடிச்சாலும் அதிகப்படி பொட்டாசியம் யூரின்ல போயிரும். அப்பா வயசுக்கு கிரியாட்டினின் 2.1ன்னா கிட்னி ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு வேலைதான் செய்யுதுன்னு அர்த்தம், தள்ள முடியாது, ரத்தத்துலயே தங்கும். அதுக்கு மேல டெல்மிசார்ட்டன். அது கிட்னிக்கு நல்ல மாத்திரைதான், ஆனா அதோட குணமே பொட்டாசியத்த கொஞ்சம் புடிச்சு வைக்கிறது. ஒரு டம்ளர் இளநீர்ல சுமாரா 500, 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கு. வாழைத்தண்டும் பொட்டாசியம்தான். மூணும் ஒண்ணு சேந்துருச்சு.

சிஸ்டர் எதுக்கு ஓடுனாங்கன்னா, இசிஜில டி அலைன்னு ஒண்ணு இருக்கும், பொட்டாசியம் ஏறுனா அது கூடாரம் அடிச்ச மாதிரி கூரா நிக்கும். அதுக்கு மேலயும் ஏறுனா இதயமே நின்னுடலாம். கால்சியம் குளுகோனேட் போட்டிருப்பாங்க, அப்புறம் குளுக்கோஸோட இன்சுலின். சுகர் இல்லாதவங்களுக்கும் அப்ப இன்சுலின் போடுவோம், பொட்டாசியத்த செல்லுக்குள்ள தள்ளுறதுக்கு. சொந்தக்காரங்க எங்ககிட்ட சண்டைக்கு வருவாங்க, எங்க ஆளுக்கு சுகரே கெடையாதே எதுக்கு இன்சுலின்னு.

இன்னொண்ணு, வீட்டுல உப்பு டப்பாவ பாருங்க. சோடியம் கம்மின்னு விக்கிற உப்புல சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பாங்க. பிபிக்கு நல்லதுன்னு வீடியோ பாத்துட்டு வாங்குவாங்க, கிட்னி வீக்கானவங்களுக்கு அது ஆகவே ஆகாது.

புதுக்கோட்டை குமார் | செவ்வாய் இரவு 11:31

ப்ரோ எந்த சேனல், லிங்க் போடுங்க ரிப்போர்ட் அடிப்போம்

நெறியாளர் | செவ்வாய் இரவு 11:50

லிங்க், சேனல் பேரு, டாக்டர் பேரு எதுவும் இங்க வேண்டாம். விஷயத்த மட்டும் பேசுங்க.

ஆத்தூர் செல்வம் | புதன் காலை 6:55

எல்லாரும் வீடியோவ திட்டப் போறீங்க, நான் மாத்தி சொல்றேன். எங்க அம்மாவ நரம்பு டாக்டர்ட்ட கூட்டிட்டு போனேன், பீஸ் 700, காத்திருந்தது மூணரை மணி நேரம், உள்ள இருந்தது ரெண்டு நிமிஷம் கூட இல்ல. என்ன நோய்னு கேட்டேன், "மாத்திரைய ஒழுங்கா போடுங்க"ன்னு பெல் அடிச்சிட்டாரு. வெளிய வந்து பஸ் ஸ்டாண்ட்ல உக்காந்து வீடியோ பாத்துதான் அம்மாவுக்கு வந்தது என்னன்னே தெரிஞ்சுகிட்டேன். அந்த வீடியோ பேசுனவர் 25 நிமிஷம் பொறுமையா நரம்பு படம் வரைஞ்சு தமிழ்ல சொன்னாரு. மணி அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க, உங்க அப்பாகிட்ட அந்த டாக்டர் "பொட்டாசியம்"னு ஒரு வார்த்த சொல்லிருந்தா இது நடந்திருக்குமா? உப்ப கொறைங்கன்னாரு, சரி. பழம்? கீரை? இளநீர்? ஒண்ணும் சொல்லல. காலியா இருக்குற எடத்துலதான் வீடியோ வந்து உக்காருது.

டயாலிசிஸ் சிஸ்டர் | புதன் காலை 8:10

செல்வம் சொல்றது எனக்கு சுருக்குன்னு இருந்தாலும் உண்மைதான். ஒரு ஓபில 120 பேரு நிப்பாங்க, பேச முடியிறதில்ல. டயட்டீசியன்ட்ட அனுப்பணும், பாதி எடத்துல டயட்டீசியனே கெடையாது.

இன்சுலின் ராணி | புதன் காலை 9:20

நான் வீடியோ கட்சி. கர்ப்பத்துல சுகர் வந்து இன்சுலின் பேனா குடுத்தாங்க, ஆஸ்பத்திரில ஒரே ஒரு தடவ காட்டுனாங்க, நான் பயத்துல கண்ண மூடிகிட்டேன். வீட்டுக்கு வந்து வீடியோவ நிறுத்தி நிறுத்தி பாத்துதான் கத்துகிட்டேன். மொதல்ல 2 யூனிட் காத்துல அடிச்சு மருந்து வருதான்னு பாக்கணும், குத்தி அமுக்குனதும் வெடுக்குன்னு எடுக்காம பத்து எண்ணணும், தெனம் எடம் மாத்தணும். இந்த பத்து எண்ணுறது எனக்கு யாருமே சொல்லல. ஊசி முனைல மருந்து சொட்டிகிட்டே இருக்கும், பாதி டோஸ் வேஸ்ட்டா போயிட்டு இருந்துச்சு. அதனால எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி கொளுத்தாதீங்க. டாக்டர் குடுத்தத எப்படி செய்யணும்னு காட்டுற வீடியோ வேற, டாக்டர் குடுக்காதத செய்னு சொல்ற வீடியோ வேற.

பல்லடம் ரோடு | புதன் மதியம் 1:05

ஏனுங்க ராணியக்கா, எப்படி செய்யறதுன்னு காட்டுற வீடியோவும் ஆபத்துதானுங்க. 2018 ஜூலைல எங்க திருப்பூர்ல நடந்தது மறந்துட்டீங்களா? வீடியோ பாத்து வூட்லயே பிரசவம் பாக்கறேன்னு போயி, குழந்தை பொறந்துருச்சு, பெத்த தாய்க்கு ரத்தம் நிக்கவே இல்ல, உசுரு போயிருச்சுங்க. அடுத்த மாசமே கோயமுத்தூர்ல வூட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சின்னு வெளம்பரம் போட்ட ஆள போலீஸ் புடிச்சாங்க. பிரசவ வீடியோவுல எல்லாமே நல்லா முடியும், ஏன்னா நல்லா முடிஞ்சதத்தானுங்க ஏத்துவாங்க? ரத்தம் போறத எவன் வீடியோ போடுவான்? எங்க பெரியம்மா அந்தக் காலத்துல வூட்லதான் நாலு பெத்தாங்க, எல்லாரும் அத சொல்லுவாங்க. அஞ்சாவதுல அவங்க போனதையும் சேத்து சொல்லோணும்.

இன்சுலின் ராணி | புதன் மதியம் 1:30

ஐயோ. நல்லா முடிஞ்சதத்தான் ஏத்துவாங்கங்கறத நான் யோசிச்சதே இல்லங்க.

பழைய ரேடியோ | புதன் மாலை 5:48

மணி சார், நீங்க சொன்ன அடையாளத்த வச்சு அந்த வீடியோவ நானே தேடிப் புடிச்சேன் (லிங்க் போடல நெறியாளரே, கோவப்படாதீங்க). ரிட்டையர்டு ஆளு, நேரம் நெறைய இருக்கு. நீங்க பாத்த ஒரு நிமிஷம் ஒரு துண்டு. முழுசு 23 நிமிஷம். காதுல மாட்டிகிட்டு முழுக்க கேட்டேன். தலைப்பு கல்லடைப்பு பத்தினது. அதாவது கிட்னி நல்லா வேல செய்யுது, கல்லு மட்டும் இருக்கு, அவங்களுக்கு தண்ணி நெறைய குடிங்க, இளநீர் குடிக்கலாம், வாழைத்தண்டு சேத்துக்கலாம்ங்கறாரு. 17வது நிமிஷத்துல தெளிவா சொல்றாரு: கிரியாட்டினின் கூட இருக்கறவங்க, கிட்னி செயல்பாடு கொறஞ்சவங்க இத எதையும் செய்யக் கூடாது, பொட்டாசியம் ஏறிடும்னு. கைய ஆட்டி ரெண்டு தடவ சொல்றாரு. துண்டுல அது இல்ல. துண்டுக்கு மேல "கிட்னி க்ளீன் ஆக இத குடிங்க"ன்னு மஞ்ச எழுத்து.

காவிரிக்கரை மணி | புதன் மாலை 6:20

சார் படிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன். ரெண்டு தடவ சொல்லிருக்காரா.

புதுக்கோட்டை குமார் | புதன் மாலை 6:24

அட பாவிகளா

கத்திரி வேலை | புதன் இரவு 11:58

புது ஐடிலேர்ந்து எழுதுறேன், காரணம் புரியும். நான் வீடியோ எடிட்டர், சென்னை. ஹெல்த் சேனல் மூணு நாலு பண்ணிருக்கேன், இந்த வீடியோ நான் பண்ணது இல்ல, ஆனா இதே வேலைய நூறு தடவ பண்ணிருக்கேன். டாக்டர் வந்து முக்கா மணி நேரம் பேசுவாரு. பாதி பேர் நல்ல மனுசங்க, வார்த்தைக்கு வார்த்த "ஆனா"ன்னு இழுப்பாங்க, ஆனா சில பேருக்கு ஒத்துக்காது, ஆனா வேற மாத்திரை போட்டா கேட்டுட்டு செய்யணும், ஆனா வயசானவங்க பாத்துக்கணும். இப்ப எங்களுக்கு ஒரு கிராஃப் வரும், எந்த செகண்ட்ல எத்தன பேர் வீடியோவ விட்டு ஓடுறாங்கன்னு கோடா காட்டும். டாக்டர் "ஆனா"ன்னு வாயத் தொறந்தா கோடு சரியும். சேனல்காரர் அத பாத்துட்டு மெசேஜ் போடுவாரு, "0:41ல இழுக்குது, தூக்கிரு". தூக்குவேன். ஒரு துண்டுக்கு 250 ரூபா, நாளைக்கு எட்டு துண்டு வெட்டுனாதான் வாடகை. சிம்பிளா சொன்னா, எனக்கு சம்பளமே "ஆனா"வ வெட்டுறதுக்குத்தான்.

டாக்டருக்கு பாதி நேரம் துண்டு போனதே தெரியாது. தம்ப்நெயில் பாத்து ஒரு டாக்டர் என்கிட்டயே சண்ட போட்டிருக்காரு, "நான் எப்பய்யா சொன்னேன் சுகர் அடியோட போயிரும்னு?" அவரு சொல்லல, நான்தான் டைப் பண்ணேன். சிவப்பு வட்டம், அம்புக்குறி, வாயப் பொளந்த முகம் எல்லாம் நான்தான். மணி அண்ணே, மன்னிப்பு கேக்குற யோக்கியதை எனக்கு இல்ல, ஆனா சொல்லணும்னு தோணுச்சு.

ஆத்தூர் செல்வம் | வியாழன் காலை 7:15

தம்பி நெசத்த சொன்னதுக்கு நன்றி, ஆனா அந்த டாக்டர் துண்டு போனதே தெரியாதுன்னு தப்பிக்க முடியாதுல்ல? அவரு முகம், அவரு கோட்டு. பத்து லட்சம் பேர் பாத்திருக்கான், கிளினிக்ல கூட்டம் கூடுதுல்ல, அப்ப தெரியாதா?

பட்டமேற்படிப்பு | வியாழன் காலை 10:30

எடிட்டர் சொன்ன கோடு சரியுற கதைக்கு ஆராய்ச்சியே இருக்கு. 2018ல ஒரு யூராலஜி (சிறுநீர்ப் பாதை மருத்துவம்) இதழ்ல வந்தது, யூடியூப்ல ப்ராஸ்டேட் புற்றுநோய் பத்தின 150 வீடியோவ டாக்டர்கள் உக்காந்து மார்க் போட்டாங்க. 77 சதவீதத்துல வீடியோவுலயோ கீழ இருக்குற கமெண்ட்லயோ தப்பான இல்லன்னா ஒருபக்கமான தகவல். அத விட முக்கியம், தரம் கொறைய கொறைய பார்வையும் லைக்கும் கூடிருக்கு. அப்புறம் 2020ல கொரோனா பத்தி அதிகம் பேர் பாத்த இங்கிலீஷ் வீடியோ 69 எடுத்துப் பாத்தாங்க, கால்வாசிக்கு மேல தப்பு, அந்த தப்பு வீடியோக்கு மட்டும் 6 கோடிக்கு மேல வியூ. ஸோ "இத்தன லட்சம் பேர் பாத்திருக்காங்க, தப்பா இருக்குமா"ங்கற லாஜிக்க மொதல்ல தூக்கிப் போடுங்க.

சட்டம்னு பாத்தா நம்மூர்ல 1954லேயே இருக்கு, சர்க்கரை நோய், புற்றுநோய் இதெல்லாம் குணமாக்குறேன்னு மருந்துக்கு விளம்பரம் பண்ணவே கூடாது. 2023 ஆகஸ்ட்ல உடல்நலம் பத்தி விளம்பரம் பண்ற இன்ஃப்ளூயன்சருங்க தன்னோட படிப்ப காட்டணும்னு விதி வந்துச்சு. அதே மாசம் யூடியூப்பும் பூண்டு சாப்பிட்டா புற்றுநோய் போயிரும்ங்கற மாதிரி வீடியோவ தூக்குவோம்னு அறிவிச்சாங்க. ஆனா மணி அண்ணன் கேஸ்ல இது எதுவுமே மாட்டாது பாருங்க. படிச்ச டாக்டர், மருந்து விக்கல, இளநீர் குடின்னாரு. எந்த சட்டத்துல புடிப்பீங்க?

வேர்க்கடை பேரன் | வியாழன் மதியம் 2:40

சித்தா மூணாவது வருஷம் படிக்கிறேன். இப்பவே சொல்லிடுறேன், இந்த இழை இன்னும் ரெண்டு பக்கம் போனா சித்த வைத்தியம்தான் கொல்லுதுன்னு யாராவது ஆரம்பிப்பீங்க. எங்க பாடத்துல மொதல்ல சொல்லித்தர்றதே எண்வகைத் தேர்வுதான். நாடி, தொடுஉணர்வு, நாக்கு, நிறம், பேச்சு, கண்ணு, மலம், சிறுநீர் இந்த எட்டும் பாக்காம மருந்துல கைய வைக்கக் கூடாது. அப்புறம் அனுபானம், ஒரே சூரணத்த தேன்ல குடுக்குறதா நெய்யில குடுக்குறதா வெந்நீர்லயாங்கறது ஆளப் பொறுத்து மாறும். அதுக்கு மேல பத்தியம். எங்க தாத்தா புளி தள்ளு, கத்திரிக்கா தள்ளு, இத்தன நாளுன்னு சொல்லாம ஒரு பொட்டலம் மடிச்சு குடுத்ததில்ல. வீடியோவுல என்ன வருது? "இந்த இலைய அரைச்சு குடிங்க". எவ்ளோ? எத்தன நாளு? யாரு குடிக்கக் கூடாது? எடிட்டர் அண்ணன் சொன்ன "ஆனா"தான் எங்க ஊர்ல பத்தியம். அத வெட்டிட்டு பாட்டி வைத்தியம்னு தலைப்பு போட்டா எந்தப் பாட்டி ஒத்துக்குவா?

இயற்கைன்னா ஒண்ணும் பண்ணாதுங்கறதும் பொய்யி. 2013ல கேரளாவுல டாக்டர்கள் எழுதுனாங்க, கொலஸ்ட்ரால் கொறைய இரும்பன்புளிய (பிலிம்பிங்கற புளிப்புக் காய்) ஜூஸா அடிச்சு குடிச்ச 10 பேருக்கு கிட்னி அடிபட்டுச்சு, டயாலிசிஸ் வரைக்கும் போனவங்க உண்டு. அதுல இருக்குற ஆக்சலேட் கிட்னில போய் படிஞ்சிருச்சு. மீன் கொழம்புல ரெண்டு போட்டு சாப்பிட்ட வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகல. மிக்சில அரை கிலோவ அடிச்சு வடிகட்டி டம்ளர்ல ஊத்துனப்பதான் ஆச்சு.

டயாலிசிஸ் சிஸ்டர் | வியாழன் மாலை 4:15

தம்பி நல்லா படிங்க, உங்கள மாதிரி நாலு பேரு வேணும். அந்த ஜூஸ் விஷயம் எல்லாரும் மனசுல வைங்க. கீரைய கூட்டா சாப்பிடுறதும் ரெண்டு கட்ட பச்சையா அடிச்சு குடிக்கிறதும் ஒண்ணு இல்ல.

நல்லூர் டு டொராண்டோ | வியாழன் இரவு 9:02

எங்கட குடும்ப குரூப்பிலயும் இதுதான் நடக்குது. போன கிழமை பெரியம்மா ஒரு வீடியோ போட்டவ, பக்கவாதம் வந்தா உடன ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகாதேங்கோ, ஊசியால பத்து விரல் நுனியிலயும் குத்தி ரத்தம் எடுங்கோ எண்டு. எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. ரத்தக் கட்டிய கரைக்கிற ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள்ள போட வேணும், இவை விரல் விரலா குத்திக்கொண்டு இருந்தா என்ன மிஞ்சும்? நான் குரூப்பில எழுதினன், பிழை எண்டு. பெரியம்மா இப்ப என்னோட கதைக்கிறேல்ல. அந்த வீடியோவுக்கு 14 பேர் கை கூப்பி இருக்கினம், எனக்கு ஒருத்தரும் இல்ல.

பல்லடம் ரோடு | வியாழன் இரவு 9:40

உங்க பெரியம்மா எங்கூட்டு மாமியாருக்கு அக்காவா இருப்பாங்களோ. இருமிக்கிட்டே இருந்தா மாரடைப்பு நின்னுரும்னு எங்க குரூப்புல மாசத்துக்கு ஒருக்கா வருமுங்க. எத்தன தடவ சொன்னாலும் "யாருக்காச்சும் ஒதவுமே"ம்பாங்க. அவங்க நல்ல மனசுலதான் அனுப்பறாங்க, அதாங்க திட்டவும் முடியறதில்ல.

கத்திரி வேலை | வியாழன் இரவு 11:20

இப்ப இத விட மோசம் வந்துருச்சு. பேர் பெற்ற இதய டாக்டருங்க முகத்தையும் குரலையும் ஏஐல செஞ்சு மூட்டு வலி எண்ணெய், சுகர் பவுடர் விக்கிறாங்க. உதடு அசையறதும் சத்தமும் ஒரு இழை தள்ளி இருக்கும், நான் இந்த தொழில்ல இருக்கறதால கண்டுபுடிக்கிறேன், எங்க அம்மாவால முடியல, ஒரு டப்பா ஆர்டர் பண்ணிட்டாங்க. 1,499 ரூபா. மகன் எடிட்டர்.

செல்வம் அண்ணே கேட்டதுக்கு: ஆமா, நெறைய டாக்டருக்கு தெரியும். இன்னிக்கு சேனல்காரர்ட்ட ஒண்ணு சொன்னேன், யாரு குடிக்கக் கூடாதுங்கற வரிய தூக்குனா துண்டு பண்ணித் தர மாட்டேன்னு. "சரி யோசிக்கிறேன்"னாரு. வேற எடிட்டர் தேடுறாருன்னு நெனைக்கிறேன், பாப்போம்.

காவிரிக்கரை மணி | சனி காலை 8:35

எல்லாருக்கும் பதில் போடணும், கட அலைச்சல்ல முடியல. நேத்து டெஸ்ட் எடுத்தோம், பொட்டாசியம் 4.9. சிஸ்டர் சொன்ன மாதிரி உப்பு டப்பாவ பாத்தேன், சாதா உப்புதான், தப்பிச்சோம்.

ரேடியோ சார் சொன்ன முழு வீடியோவ தேடி எடுத்து அப்பா பக்கத்துல உக்காந்து போட்டேன். 17வது நிமிஷம் வந்ததும் போன என் கையிலேர்ந்து புடுங்கி மூணு தடவ பின்னாடி தள்ளி தள்ளி கேட்டாரு. கண்ணாடிய கழட்டிட்டு "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னவாம்"னாரு. எடிட்டர் தம்பிய பத்தி சொல்லல, சொன்னா பஸ் ஏறி வந்துருவாரு.

டாக்டர்ட்ட இந்த தடவ எழுதி எடுத்துட்டு போனேன், எத சாப்பிடலாம் எத கூடாதுன்னு ஒவ்வொண்ணா கேட்டேன், ரெண்டு நிமிஷம் ஏழு நிமிஷம் ஆச்சு, வெளிய இருந்தவங்க மொறைச்சாங்க. காய பொடிசா நறுக்கி நெறைய தண்ணில வேக வச்சு அந்த தண்ணிய வடிச்சு ஊத்திட்டு சமைங்க, பொட்டாசியம் கொஞ்சம் கொறையும்னாரு. இது சரியா சிஸ்டர்?

டயாலிசிஸ் சிஸ்டர் | சனி காலை 9:10

ரொம்ப சரி. எங்க யூனிட்லயும் இதேதான் சொல்லி அனுப்புறோம். வடிச்ச தண்ணிய ரசத்துல, சாம்பார்ல சேத்துறாம பாத்துக்கோங்க, பழக்க தோஷத்துல சேத்துருவாங்க.

காவிரிக்கரை மணி | சனி காலை 9:22

அத ஏன் கேக்குறீங்க. நேத்து அம்மா வடிச்சு கீழ ஊத்தப் போறாங்க, அப்பா ஓடிப் போய் பாத்திரத்த புடிச்சுகிட்டாரு. காய் வேக வச்ச தண்ணிலதான் சத்து எல்லாம் இருக்கு, கீழ ஊத்துறவன் முட்டாள்னு ஒரு வீடியோவுல பாத்தாராம்.

டயாலிசிஸ் சிஸ்டர் | சனி காலை 9:23

கடவுளே. குடிச்சிட்டாரா??

காவிரிக்கரை மணி | சனி காலை 9:31

இல்ல சிஸ்டர். அம்மா ஒண்ணுமே பேசல, பாத்திரத்த வாங்கிட்டுப் போய் கறிவேப்பிலை செடிக்கு ஊத்திட்டு வந்துட்டாங்க.